கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் எதைச் சொல்வது?

தம்பி, நான்கு மாதமாக முழுச் சிக்மெல்டிங்கில், அதாவது வைத்தியர் எழுதித்தரும் நோய்விடுப்பில், இருக்கிறீர்கள். நோர்வேயின் தொழில், நலன்புரி அலுவலகமான நாவிலிருந்து (NAV), வேலைக்குத் திரும்புவது பற்றிப் பேசும் உரையாடல் கூட்டத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. "கொஞ்சம் வேலை செய்ய முடியும் என்று வாய்திறந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். நோர்வேயில் நோய்விடுப்பு தொடங்கி 26 வாரத்துக்குள் இந்தக் கூட்டம் நடப்பது வழமை. சந்தேகப்பட்டு உங்களை அழைக்கவில்லை.

ஆனால் எதிரே இருக்கும் அலுவலரின் மனப்போக்கு பெரிய விடயம்தான். முதியோர் இல்லத்தில் வேலை செய்து என் முதுகு போனபோது, முதல் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போனேன். கேட்டதற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டினேன். எனக்கு வேலைக்குத் திரும்பும் எண்ணமே இல்லை என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. நான் காட்டியது அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் "எப்போது திரும்புவீர்கள்?" என்று தொடங்கவில்லை. "இந்த வேலையில் எதெதைச் செய்ய முடிகிறது?" என்று கேட்டார். ஆளைத் தூக்க முடியாது, உணவூட்ட முடியும், பக்கத்தில் இருந்து கவனிக்க முடியும் என்றேன். அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான், மறுபடி முதுகு பிடித்துவிடுமோ என்று இரவில் தூங்காமல் கிடப்பதையும் சொன்னேன். அதுவரை வைத்தியரிடம்கூடச் சொன்னதில்லை. தூக்கும் வேலையை வேறொருவருக்கு மாற்ற மேலாளர் சம்மதித்தார். 50 சதவீதச் சிக்மெல்டிங்கில் திரும்பினேன். பாதி நாளுக்குச் சம்பளம், மீதிக்கு நோய்ப்பணம். பகுதிநேரம் போனதால் பணம் நிற்கவில்லை.

ஆகவே முடிவதையும் முடியாததையும் வேலை வேலையாக எழுதிக்கொண்டு போங்கள். வலியை மட்டும் சொன்னால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. 52 வாரத்தில் நோய்ப்பணம் முடிந்துவிடும். பிறகு கிடைக்கக்கூடிய உதவித்தொகை பழைய வருமானத்தில் 66 சதவீதம்தான். வேலையிடத்தோடு உள்ள தொடர்பை இப்போதே காப்பாற்றுங்கள்.

அலுவலர் உங்களை நம்பாதவராக அமைந்தால்? துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், வேறு அலுவலரைக் கேட்கலாம். எழுத்தில் வந்த முடிவு தவறென்றால் ஆறு வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்துவதை 2022 முதல் சட்டமே தடுக்கிறது. அப்பாவின் நோவை அவள் வாயால் சொல்லவைப்பதும் கொடுமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.