ஜவ்வு ஆபரேஷன் முடிந்தது, ஆட்டத்துக்கு எப்போது திரும்பலாம்? – கேள்வி பதில்

முழங்கால் ஜவ்வு, அதாவது ஏ.சி.எல் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி ஆட நினைப்பவர்களின் கேள்விகளுக்கு விளையாட்டு பிசியோ என்ற முறையில் என் பதில்கள் இவை. உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

கேள்வி (கபடி வீரர், திண்டுக்கல்): ஆபரேஷன் ஆகி ஐந்தரை மாதம் ஆகிறது. வலியே இல்லை, நன்றாக ஓடுகிறேன். பொங்கலுக்கு ஊரில் மேட்ச். எங்கள் செட்டில் ரெய்டு போக ஆள் இல்லை. ஒரே ஒரு மேட்ச் ஆடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. வலி இல்லை என்பதை வைத்து உள்ளே வைத்த கிராஃப்ட் தயார் என்று சொல்ல முடியாது. பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்து வைத்த அந்தத் தசைநாணுக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, புது ரத்தக் குழாய்களை உள்ளே விட்டு, ஜவ்வு மாதிரி திரும்பக் கட்டுகிறது. நடுவில் சில மாதங்கள், வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். வீக்கம் வற்றி, நடை சரியாகி, 'நமக்கு ஒன்றுமில்லை' என்று தோன்றும்போது உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது.

நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. ஒன்பது மாதம் வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அதில் பார்த்தார்கள். கபடியோ இந்த ஜவ்வுக்கு ஆகாத அத்தனையும் உள்ள ஆட்டம். கணுக்காலை ஒருவன் பிடித்துக்கொள்வான், உடம்பு கோட்டுப் பக்கம் திரும்பும், நடுவில் மாட்டுவது முட்டிதான். அடுத்த தைக்கும் மேட்ச் வைப்பார்கள். இந்தத் தடவை ஸ்கோர் எழுதுங்கள்.

கேள்வி (கல்லூரி கால்பந்து, கோவை): அப்படியென்றால் ஒன்பது மாதம் முடிந்த அன்றே இறங்கலாம்தானே?

பதில்: இல்லை. ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சம். அதோடு பரீட்சையும் பாஸ் ஆக வேண்டும். அதே ஆய்வில், திரும்பும் முன் வைத்த சோதனைகளைத் தாண்டியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி முட்டியில் அடிபட்டது. தாண்டாமலே இறங்கியவர்களில் அது 38.2 சதவீதம்.

சோதனை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. தொடையின் முன்தசை, பின்தசை பலத்தை மெஷினில் அளப்பார்கள். பிறகு ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், தரையில் ஒட்டிய டேப்பின் இருபக்கமும் மாறி மாறி மூன்று தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் தாவியே எத்தனை வினாடியில் தாண்டுகிறீர்கள் என்பது. எல்லாவற்றிலும் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். நோஞ்சானோடு நோஞ்சானை ஒப்பிட்டு 95 சதவீதம் வாங்குவதில் பெருமை இல்லை.

எத்தனை தூரம் தாவினீர்கள் என்று அளவு டேப்பைப் பார்ப்பதற்கு முன் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். நல்ல காலில் தாவி இறங்கும்போது சத்தம் மெதுவாக வரும். ஆபரேஷன் காலில் 'தொப்' என்று விழுந்தால் முட்டி மடங்கவில்லை, முன்தொடை பாரத்தை வாங்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் முன்னால் நின்று பார்ப்பேன். இறங்கும் நொடியில் முட்டி உள்பக்கம் சாய்ந்தால், எத்தனை தூரம் தாவினாலும் என்னிடம் பாஸ் கிடையாது.

கேள்வி (கிரிக்கெட் ரசிகர், சென்னை): நியூசிலாந்தின் கேன் வில்லியம்சன் ஆறரை மாதத்தில் உலகக் கோப்பை ஆடினாரே?

பதில்: ஆடினார், அதுவும் நம்ம சேப்பாக்கத்தில். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் எல்லைக் கோட்டருகே தாவி விழுந்து ஏ.சி.எல் கிழிந்தது. அக்டோபர் 13-இல் வங்கதேசத்துக்கு எதிராக 78 ரன் எடுத்தார். பாதியில் வெளியேறியதும் முட்டியால் அல்ல, எறிந்த பந்து கட்டைவிரலில் பட்டதால். ஆனால் முதல் இரண்டு மேட்சில் அவரை உட்கார வைத்தார்கள், பயிற்சி ஆட்டத்தில் முதலில் பேட்டிங் மட்டும் செய்ய விட்டார்கள் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. முப்பதைத் தாண்டிய பேட்ஸ்மேன், கூடவே முழுநேரக் குழு. பதினெட்டு வயது கால்பந்து ஃபார்வர்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மற்றவர்களையும் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில் விபத்தில் சிக்கிய ரிஷப் பண்ட், ஒன்றுக்கு மேற்பட்ட காயங்களோடு, 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல்லுக்கு வந்தார். பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் ஏ.சி.எல் கிழிந்தது, திரும்ப ஒரு வருடம் ஆனது. வந்த சில நாட்களிலேயே பின்தொடையில் காயம்.

கேள்வி (ஒரு அம்மா, மதுரை): மகளுக்குப் பதினாறு வயது, கால்பந்து ஆடுகிறாள். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் பந்துக்குப் போகும்போது காலை இழுத்துக்கொள்கிறாள். கோச் 'தைரியம் இல்லை' என்கிறார்.

பதில்: அம்மா, கோச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பார்த்ததில், ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய தரத்துக்கு வந்தவர்கள் 65, போட்டி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 55. கால் தயாராகியும் மனசு தயாராகாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை அளக்கவே பன்னிரண்டு கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, பிசியோவிடம் கேளுங்கள். இன்னொன்று, இருபத்தைந்து வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்புபவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்ட இந்த முட்டியிலோ அந்த முட்டியிலோ மறுபடி கிழிகிறது. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

திட்டினால் பயம் போகாது. முதலில் தனியாகப் பந்தோடு. பிறகு எந்தப் பக்கம் வருவாள் என்று முன்பே சொல்லிவிட்டு வரும் ஒரு தோழியோடு. அப்புறம் சொல்லாமல் வரட்டும். தோளோடு தோள் இடிப்பது அதற்குப் பிறகு. முழுப் பயிற்சியில் சில வாரம் ஓடிய பின் மேட்சில் கடைசி இருபது நிமிடம். ஃபிஃபாவின் '11 ப்ளஸ்' வார்ம்-அப்பை அவள் மட்டுமல்ல, டீம் முழுக்கச் செய்யச் சொல்லுங்கள். இருபது நிமிடம்தான் ஆகும்.

கேள்வி (வாலிபால், தஞ்சாவூர்): மூன்று மாதம் ஆச்சு. கால் முழுசாக நீளவில்லை, ஸ்குவாட் மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறேன்.

பதில்: ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு முதலில் காலை நீட்டுங்கள். குப்புறப் படுத்து முட்டிக்குக் கீழே காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் ஒரு குதிகால் உயரமாக நிற்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் பிரச்சினை. நீளாத முட்டியில் முன்தொடை பலம் ஏறாது. சில வாரம் முயன்றும் அப்படியே நின்றால் சர்ஜனிடம் போங்கள், முன்பக்கம் தழும்புத் திசு அடைத்திருக்கலாம்.

கேள்வி: பைக் எப்போது ஓட்டலாம்?

பதில்: ஓட்டுவதைவிட, வண்டி சறுக்கும்போது காலை ஊன்றுவதுதான் ஆபத்து. அந்தக் காலில் மட்டும் தடுமாறாமல் நின்று, சட்டென்று ஊன்ற முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகு பார்க்கலாம். கிக்கரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஓடிவிட்டு வந்தால் முட்டி லேசாக உப்புகிறது. ஓட்டத்தை நிறுத்தவா?

பதில்: காலை நீட்டி உட்காருங்கள். முட்டியின் உள்பக்கக் குழியை உள்ளங்கையால் கீழிருந்து மேலே இரண்டு மூன்று முறை வழித்துவிட்டு, வெளிப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு முறை தடவுங்கள். உள்பக்கக் குழியில் நீர் திரும்பி வந்து உப்பினால் முட்டி இன்னும் தாங்கவில்லை. அது வற்றும்வரை ஓட்டம் கிடையாது, சைக்கிள் மிதிக்கலாம். வற்றிய பிறகு பாதித் தூரத்திலிருந்து தொடங்கி, மறுநாள் காலையிலும் இதே மாதிரி தடவிப் பாருங்கள். நீர் இல்லையென்றால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.