காலைக் கட்டிக்கொண்டு விடாத ஒரு வயதுக் குழந்தை: கேள்வி பதில்

குழந்தைகள் காப்பகத்தில் பல வருடங்களாக ஒரு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, பையனுக்கு 12 மாதம். நான் குளியலறைக்குப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறான். நாலு மாதம் முன்புவரை யாரிடமும் போவான். அதிகம் தூக்கி வைத்துக் கெடுத்துவிட்டேனா?

இல்லவே இல்லை. அவன் வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஐந்து மாதக் குழந்தையின் பொம்மையைத் துணியால் மூடுங்கள், பெரும்பாலும் தேடாது. எட்டு, ஒன்பது மாதத்தில் துணியை இழுத்துப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு அது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் விளக்கினார். இப்போது உங்கள் பையனுக்கு அம்மா கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியும். ஆனால் ஐந்து நிமிடம் என்றால் என்ன என்று தெரியாது. அந்த இடைவெளியில்தான் அழுகை வருகிறது. பொதுவாக எட்டாவது மாதத்தை ஒட்டித் தொடங்கும், 10 முதல் 18 மாதம் வரை கடுமையாக இருக்கும், இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் தணிந்துவிடும்.

குளியலறையில் இருக்கும்போது பேசிக்கொண்டே இருங்கள், பாடுங்கள். உங்கள் குரல் அவனோடு இருக்கட்டும். மற்ற நேரத்தில் முகத்தைத் துணியால் மூடித் திறக்கும் விளையாட்டை விளையாடுங்கள். அப்புறம் கதவுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பாருங்கள். மறைந்தவர் திரும்பி வருவார் என்பதை அவன் சிரித்துக்கொண்டே பழகட்டும்.

வேலைக்குக் கிளம்பும்போது மகள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. "அவள் விளையாடும்போது சத்தமில்லாமல் போய்விடு" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படித்தான் செய்கிறேன். சரியா?

தயவுசெய்து வேண்டாம். பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் இதில் நான் உடன்படவே மாட்டேன். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால் குழந்தை கற்பது ஒன்றுதான்: அம்மா எந்த நொடியிலும் மறைந்துவிடலாம். அதன் பிறகு நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் உங்களைக் கண்காணிக்கத் தொடங்குவாள். அப்படி விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகள் கையில் பொம்மையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மனது தாங்காது.

சொல்லிவிட்டே போங்கள். தினமும் ஒரே மாதிரி: ஒரு முத்தம், "அம்மா போய்விட்டு வருகிறேன், நீ தூங்கி எழுந்ததும் வந்துவிடுவேன்", ஒரு கையசைப்பு, கிளம்புங்கள். மணி சொன்னால் அவளுக்குப் புரியாது, தூங்கி எழுவது புரியும். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அழுகிறாளே என்று பாதி வழியில் திரும்பி வந்தால், இன்னும் அழுதால் அம்மா வருவாள் என்று ஆகிவிடும், மறுபடி பிரிய வேண்டியும் வரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேளுங்கள். பெரும்பாலும் அழுகை நின்றிருக்கும்.

11 மாதம் ஆகிறது. அடுத்த மாதம் காப்பகத்தில் சேர்க்கிறோம். எப்படிப் பழக்குவது?

முதல் இரண்டு மூன்று நாள் நீங்களும் கூடவே உட்காருங்கள். அப்புறம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். அடுத்து அரை மணி, அப்புறம் அரை நாள். அங்கே தினமும் ஒரே ஒருவர் குழந்தையை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். நான் இதை மிக முக்கியமாக நினைக்கிறேன், ஆள் மாறிக்கொண்டே இருந்தால் எல்லாம் முதலிலிருந்து. தூக்கக் கலக்கத்திலோ பசியிலோ விட்டு வராதீர்கள். உங்கள் வாசனை உள்ள சிறிய துணி பகலில் பெரிய ஆறுதல். ஆனால் ஒரு வயதுக்குள் தூங்கும்போது படுக்கையில் துணியோ பஞ்சுப் பொம்மையோ வேண்டாம், மூச்சுமுட்டும் ஆபத்து உண்டு.

அக்கா, நான் அப்பா. மகள் அம்மாவிடம் இருந்தால் என்னிடம் வரவே மாட்டேன் என்கிறாள். மனசு உடைகிறது.

வலிக்கத்தான் செய்யும் தம்பி. ஆனால் இது உங்களை வேண்டாம் என்பது இல்லை. கலங்கியிருக்கும்போது குழந்தை ஒருவரிடம் ஒதுங்கும், அது யார் என்பது மாறிக்கொண்டும் இருக்கும். அம்மாவின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து விளையாடுங்கள், அவளே வரட்டும். குளிப்பாட்டுவதோ தூங்க வைப்பதோ, ஒரு வேலையை முழுதாக உங்களுடையதாக்குங்கள். அந்த நேரம் அம்மா வேறு அறையில் இருக்கட்டும். முதல் சிணுங்கலுக்கே ஓடிவராமல் இருப்பதுதான் அவருக்குக் கடினம், அதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தாளாம். மாலையில் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுகிறாள். என் மேல் கோபமா?

உங்களிடம்தான் அழ முடியும் என்று நம்புகிறாள். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பிரிவில் எவ்வளவு அழுதது என்பதைவிட அம்மா திரும்பியதும் என்ன செய்தது என்பதையே முக்கியமாகக் கவனித்தார். ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, அழுது, பிறகு அமைதியாகி விளையாடப் போகும் குழந்தை அம்மாவை நம்புகிற குழந்தை. வந்ததும் போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் மடியில் வைத்திருங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

திடீரென்று ஒட்டுதல் கூடி, காய்ச்சலோ காதை இழுப்பதோ, சாப்பிட மறுப்பதோ இருந்தால் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், காட்டிவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், முன்பு செய்த கையசைப்போ சொன்ன சொல்லோ மறைந்துவிட்டால், தள்ளிப்போடாதீர்கள். நாள் முழுக்க ஒரு குழந்தை மேலேயே தொங்கினால் யாருக்கும் சோர்வு வரும். ஆனால் தினமும் அழுகையாக வந்து, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், உங்களுக்காகவும் மருத்துவரிடம் போங்கள்.