புராஜெக்ட் வழியாக ஆங்கிலம்: ஆசிரியர்கள் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஆங்கில வகுப்பு என்றாலே பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். புராஜெக்ட் கொடுத்தால் ஆர்வம் வருமா?

வரும், ஆனால் பிள்ளைகள் எழுதுவதைப் படிக்க நிஜமாகவே ஓர் ஆள் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் மட்டும் திருத்தி அலமாரியில் வைக்கப்போகும் ஒன்றுக்கு எந்தப் பிள்ளையும் மெனக்கெடாது. ஒரு விளையாட்டை அவர்களே உருவாக்கி, விதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கீழ்வகுப்புக்குக் கொடுக்கட்டும். சின்னவர்கள் படித்துவிட்டுப் புரியாமல் விழிக்கும்போது, எழுதியவர்கள் தாளோடு உங்களிடம் ஓடி வருவார்கள். கட்டளை வாக்கியத்தை அப்போது சொல்லிக்கொடுங்கள், மனதில் நிற்கும். ஊக்கத்துக்குத் தன் விருப்பம், தன்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு ஒட்டுறவு மூன்றும் வேண்டும் என்பது டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரின் கோட்பாடு. தலைப்பை நீங்களே திணித்தால் முதலாவது அங்கேயே போய்விடும்.

கேள்வி: சார்ட் என்ன அளவில் இருக்கலாம்?

சார்ட் ஒட்டுவது புராஜெக்ட் அல்ல. பார்த்து எழுதி ஒட்டியதில் பிள்ளையின் சொந்த ஆங்கிலம் ஒரு வரிகூட இருக்காது.

கேள்வி: குழுவில் தாய்மொழியிலேயே பேசுகிறார்கள். தடை போடலாமா?

வேண்டாம். தடை போட்டால் ஆங்கிலம் வராது, பேச்சுதான் நிற்கும். திட்டமிடும்போது பேசட்டும்.

மறுப்பு: ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லாம் தாய்மொழியில் முடிந்து, கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுதான் ஆங்கிலத்தில் எழுதுகிறது.

உங்கள் கவலை நியாயமானது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், பிரெஞ்சை வருஷக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொண்டும் அதன் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். அதனால்தான் மொழி கற்றலை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல், மொழியைத் தானே வெளிப்படுத்த வேண்டிய கட்டாயம் தேவை என்று வாதிட்டார். அந்தக் கட்டாயத்தை வேலையின் அமைப்பில் வையுங்கள். தகவலை நான்காகப் பிரித்து, ஆளுக்கொன்றாக ஆங்கிலத்தில் கொடுங்கள். மற்றவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினால்தான் வேலை முடியும் என்று வையுங்கள். 1979 முதல் 1984 வரை நடந்த, பணிகள் வழியாக ஆங்கிலம் கற்பித்த பெங்களூர் திட்டத்தில் அதை நடத்திய என். எஸ். பிரபு இதைப் போன்ற தகவல் இடைவெளிப் பணிகளோடு, கால அட்டவணையைப் பார்த்து யோசித்து விடை காணும் பணிகளையும் வைத்தார். யோசிக்க வைப்பவையே அதிகம் பலன் தந்தன என்பது அவர் கருத்து.

மறுப்பு: கேள்வி கேட்கவே வாக்கியம் வராத பிள்ளை?

பாதி வாக்கியங்களை எழுதிக் கையில் கொடுங்கள், மீதியை நிரப்பிக் கேட்கட்டும். அடுத்த வாரம் சிலவற்றை எடுத்துவிடுங்கள். முழு வாக்கியத்தை மட்டும் கொடுக்காதீர்கள், ஒப்பித்துவிடுவார்கள்.

கேள்வி: சார்ட்டுக்குப் பதில் பவர்பாயின்ட்?

மேலே சொன்னதேதான். திரையில் ஒட்டினாலும் அது ஒட்டுவதுதான்.

கேள்வி: எழுத்துக்கூட்டவே சிரமப்படும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியாவா?

இது என் துறை இல்லை. சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது?

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடாதீர்கள். முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் "இதை ஏன் மாற்றினாய்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது.