மூட்டை தூக்குறவங்களுக்கு எதுக்கு வரலாறு?

கேள்வி: ஆசிரியர் சார், அமெரிக்க விமானப்படையில மிலிட்டரி ஏர்லிஃப்ட் கமாண்ட்னு ஒண்ணு இருந்துச்சுன்னு படிச்சேன். சண்டை போடுற படைக்கு வரலாறு, மெடல் எல்லாம் இருக்கும், சரி. மூட்டை தூக்குற பிளேனுக்கு எதுக்கு சார் அதெல்லாம்?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, பேரு விவரம்தான் வேணும்னா சீக்கிரம் சொல்லிடலாம். 1948 ஜூன்ல மிலிட்டரி ஏர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்னு ஆரம்பிச்சாங்க, 1966 ஜனவரி 1-ல அதுக்கு நீங்க சொன்ன பேரை வச்சாங்க, 1992 ஜூன்ல கலைச்சுட்டு ஏர் மொபிலிட்டி கமாண்ட் ஆக்கினாங்க. ஆனா ‘மூட்டை தூக்குற’ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல.

நம்ம ஊர் பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பாத்திருக்கீங்களா? ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு படுக்க வச்சிருக்கும், தலைச்சுமையோட நடந்து வர்ற ஆளு யார் கையும் எதிர்பாக்காம பாரத்தை அதுமேல நகர்த்தி வச்சுட்டு மூச்சு வாங்கலாம், அதுக்காகவே சரியா அந்த உசரம். வயித்துல பிள்ளையோட செத்துப்போன பொண்ணு ஞாபகமா அந்தக் கல்லை நடுவாங்க, சுமையை இறக்க முடியாமலேயே போயிட்டாளே, நாலு பேராவது இறக்கி வச்சுட்டுப் போகட்டும்னு. சுமக்குறவங்களை இவ்வளவு யோசிச்ச ஊர்ல பொறந்துட்டு நாம ‘மூட்டை தூக்குறவன்’னு சொல்றப்போ குரல் ஏன் தம்பி கீழ இறங்குது? நம்ம இதழ்ல லாரி டிரைவர்களுக்கு நாலு பக்கம் ஒதுக்கினப்போ ஒரு வாசகர் இதெல்லாம் ஒரு கவர் ஸ்டோரியான்னு கோவமா லெட்டர் போட்டார், அவருக்கும் சேர்த்தே இப்ப எழுதுறேன்.

அந்த கமாண்டோட பூர்வீகம் இரண்டாம் உலகப்போர்ல ஓடின ஏர் டிரான்ஸ்போர்ட் கமாண்ட். அதுல ஒரு பிரிவு இந்தியா-சைனா விங், அது வேலை பாத்தது நம்ம அசாம்ல. 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, ஏப்ரல் கடைசியில லாஷியோவும் போச்சு, அதோட சீனாவுக்குத் தரைவழியா சரக்கு போன பர்மா ரோடு அடைஞ்சது, சீனாவோட கடற்கரையெல்லாம் ஏற்கனவே ஜப்பான் கையில. இனிமே சீனாவுக்குள்ள ஒரு தோட்டா போகணும்னாலும் ஆகாயத்துல தான் போகணும். சாபுவா, மோகன்பாரி, சூக்கரேட்டிங்னு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ரன்வே போட்டு, அங்கேர்ந்து இமயமலையோட கிழக்குக் கோடியைத் தாண்டி கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் தள்ளி சீனாவுல இருக்குற குன்மிங்ல இறக்கணும். பைலட்டுங்க அந்த மலைக்கு வச்ச பேரு ஹம்ப், நம்ம பாஷையில திமில்.

மாட்டுத் திமில் மாதிரி மெத்துனு இருக்காது. 15,000 அடிக்கு மலை, அதுமேல மணிக்கு நூறு மைலுக்கும் மேல அடிக்கிற காத்து, இறக்கையில ஐஸ் கட்டும், மேப்பை நம்ப முடியாது. சி-46னு ஒரு பிளேனை சோதனை முழுசா முடியாமலே அவசரமா அனுப்பி வச்சாங்க, அது நடுவானத்துல இன்ஜின் நின்னு உயிர் வாங்குச்சு. குண்டு போடுற பிளேனையே பெட்ரோல் டேங்கரா மாத்தி சி-109னு பேர் போட்டாங்க, அதுல ஏறினவங்க அதை சி-ஒன்-ஓ-பூம்னு கூப்பிட்டாங்க, ஏன்னு நான் சொல்லணுமா? சரக்குல பெரும்பங்கு பெட்ரோல்தான், சீனாவுல ஒரு கேலன் இறக்குறதுக்குள்ள பிளேன் தானே கிட்டத்தட்ட அதே அளவு குடிச்சிடும். அசாம்ல அந்த பேரலை பிளேனுக்குள்ள ஏத்த யானையைக்கூட விட்டாங்க, தும்பிக்கையால தூக்கி கதவுகிட்ட வைக்கிற போட்டோவே இருக்கு. மூட்டை தூக்குறதுல யானைக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல தம்பி.

மெடல் எதுக்குன்னு கேட்டீங்கல்ல? 1944 ஜனவரியில அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இந்த இந்தியா-சைனா விங்குக்கு, ஒரு பிரிவு முழுசுக்கும் சேர்த்துக் குடுக்குற பிரசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன்ங்கிற விருதைக் குடுக்கச் சொன்னார், சண்டை போடாத ஒரு பிரிவுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை. சும்மா குடுக்கல. போர் முடியுறதுக்குள்ள அந்த வழியில போன சரக்கு சுமார் 6,50,000 டன், விழுந்த பிளேன் 590-க்கு மேல, செத்தவங்களும் காணாமப் போனவங்களும் 1,300-க்கு மேல. வெயில் நாள்ல கீழ பாத்தா உடைஞ்ச பிளேனுங்க மின்னுமாம், அதையே வழி பாத்துப் போவாங்களாம், அதனால அந்தப் பாதைக்கு அலுமினியம் டிரெயில்னு பேரு. எதிரியோட குண்டுல செத்தவங்க அதுல கொஞ்சம் பேர்தான், மீதிப்பேரைக் கொன்னது மலையும் மழையும் இன்ஜினும்.

1944 செப்டம்பர்ல டன்னர்னு ஒரு ஜெனரல் வந்தார். அதுவரைக்கும் 650 மணி நேரம் பறந்துட்டா பைலட் வீட்டுக்குப் போகலாம், அதனால சின்னப் பசங்க தூக்கம் இல்லாம ராப்பகலா பறந்து கணக்கை முடிக்கப் பாத்து மலையில மோதினாங்க. அவர் அதை 750 மணி நேரமாக்கி, எப்படியும் ஒரு வருஷம் இருந்துதான் ஆகணும்னும் போட்டார். பசங்க திட்டித் தீர்த்தாங்க, ஆனா சாவு குறைஞ்சுது. இந்தாள் எந்தப் பிளேனையும் சுட்டுத் தள்ளினவர் இல்ல, டைம்டேபிளும் ரிப்பேர் ஷெட்டும் சரிபண்ணினவர், எனக்கு அவர்தான் ஹீரோ. 1945 ஜூலையில மட்டும் 71,000 டன், ஆகஸ்ட் 1 அன்னைக்கு ஒரே நாள்ல 1,118 டிரிப், ஒரு உயிர்கூடப் போகல. அதே மனுசனைத்தான் 1948-ல ரஷ்யாக்காரங்க பெர்லினை முற்றுகை போட்டப்போ கூப்பிட்டாங்க. அங்க பிளேன்ல போன 23 லட்சம் டன் சரக்குல மூணுல ரெண்டு பங்கு நிலக்கரி, அதுவும் எதுல தெரியுமா, மூட்டையில! கரி மூட்டை சுமந்துதான் 20 லட்சம் ஜனம் இருந்த நகரம் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுச்சு.

நீங்க கேட்ட கமாண்ட் 1973-ல பண்ணினது ஒண்ணும் சொல்லணும். பிப்ரவரி 12, ஹனோயில சி-141 பிளேனுங்க இறங்கி, வியட்நாம் சிறையில வருஷக்கணக்கா கிடந்த அமெரிக்கக் கைதிங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. ஏப்ரல் ஆரம்பத்துக்குள்ள 591 பேர் திரும்பி வந்தாங்க. அதெல்லாம் சரக்கு ஏத்துற பிளேன்தான்.

பர்மான்னு எழுதினதுமே என் கை வேற பக்கம் போகுது, விடுங்க, போகட்டும். அந்த பைலட்டுங்க தாண்டின அதே மலைக்காட்டுக்குள்ளதான் 1942-ல ரங்கூன்ல இருந்து லட்சக்கணக்கான இந்தியருங்க நடந்து வந்தாங்க, அதுல நம்ம தமிழ் ஜனம் எத்தனையோ பேர், மூட்டை தூக்கிப் பொழைச்சவங்க, நெல்வயல்ல கூலிக்குப் போனவங்க. வெள்ளைக்காரங்களுக்கு நல்ல வழி, இந்தியருக்கு மோசமான வழின்னு பிரிச்சுவிட்டதை காங்கிரஸ் அப்பவே கண்டிச்சுது. பிளேன்ல இடம் கிடைச்சவங்க கொஞ்சம் பேர், மீதிப்பேர் மழையில, காலராவுல, தலையில சட்டி பானையோட, இடுப்புல பிள்ளையோட நடந்தாங்க, எத்தனை பேர் வழியில விழுந்தாங்கன்னு சரியான கணக்கே கிடையாது. விழுந்த பிளேனுக்கு நம்பர் வாரியா லிஸ்ட் இருக்கு தம்பி, இவங்களுக்கு இல்ல. மெடல் வாங்கினவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, இவங்க கணக்கை எழுதாம விட்டோமேன்னுதான் கோவம்.

அருணாச்சலப் பிரதேசம் பாசிகாட்ல 2023 நவம்பர்ல ஹம்ப் மியூசியம் ஒண்ணு திறந்திருக்காங்க, அந்தக் காட்டுல கிடைச்ச பிளேன் உடைசல் எல்லாம் வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் போற வாசகர் யாராச்சும் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. பர்மாவுல இருந்து நடந்து வந்த தாத்தா பாட்டி கதை உங்க வீட்டுல இருந்தா அவங்க பேரு, எந்த ஊர்ல இருந்து கிளம்பினாங்க, எத்தனை பேர் கிளம்பி எத்தனை பேர் வந்து சேர்ந்தாங்க, இதை மட்டுமாவது எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல இருந்து அதுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்குறேன்.