பி.மேத் நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பெங்களூரு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத் என்ற இளநிலைக் கணிதப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு எழுதினேன். இப்போது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. விரிவாக விடை எழுதும் தாளின் 8 கேள்விகளில் மூன்றை மட்டுமே முடித்தேன். இனி எதைப் படிப்பது? ஆங்கிலமும் சரளமாக வராது.
- மாணவி, திருப்பூர்

பதில்: புதிய பாடம் எதையும் இப்போது தொடங்க வேண்டாம். அழைப்பு வந்ததுமே கல்லூரிப் பாடநூல்களைப் புரட்டத் தொடங்குபவர்கள் உண்டு. அப்படி அரைகுறையாக அறிந்த ஒரு தேற்றத்தின் பெயரை நீங்களே சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி அதைப் பற்றியே வரக்கூடும். எண்ணியல், சேர்ப்பியல், பல்லுறுப்புக்கோவைகள், சார்புகளின் வரைபடம், எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றில் நீங்கள் ஏற்கெனவே படித்ததை ஆழப்படுத்தினால் போதும்.

முடிக்காமல் விட்ட ஐந்து கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். எழுத்துத் தேர்வில் செய்யாமல் விட்டதை நேர்முகத்தில் எடுத்துக் கேட்பது இயல்பானதே. அதன்பின் நீங்கள் அதைப் பற்றி யோசித்தீர்களா என்பது உங்கள் ஆர்வத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

பேராசிரியர்கள் ஒரு கணக்கைக் கொடுத்து, நீங்கள் யோசிப்பதைப் பார்ப்பார்கள். கணக்கு எப்படி வளரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஓர் எண்ணின் இயல்மடக்கையை அதே எண்ணால் வகுக்கக் கிடைக்கும் சார்பை வரையச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 1-இல் சுழியாகி, ஏறத்தாழ 2.718 ஆகிய ஆய்லர் எண்ணில் பெருமத்தைத் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே சுழியை நெருங்கும் என்பதை வகையிட்டுக் கண்டுவிடுவீர்கள். உடனே, 99-இன் 100ஆம் அடுக்கு பெரிதா, 100-இன் 99ஆம் அடுக்கு பெரிதா என்று கேட்கலாம். இரண்டுக்கும் இயல்மடக்கை எடுத்து 9900-ஆல் வகுத்தால், 99-இலும் 100-இலும் இந்தச் சார்பு பெறும் மதிப்புகளே கிடைக்கும். வரைபடம் அந்தப் பகுதியில் இறங்குவதால் முன்னதே பெரிது. அடுத்து, 2-இன் 4ஆம் அடுக்கும் 4-இன் 2ஆம் அடுக்கும் 16 ஆவதுபோல் வேறு இரண்டு மிகை முழு எண்கள் உண்டா என்ற கேள்வி வரலாம். அப்படிப்பட்ட இரண்டு எண்களிலும் சார்பின் மதிப்பு சமமாக இருக்கும் என்பதால், அவற்றில் சிறியது 1-க்கும் ஆய்லர் எண்ணுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். அங்கே இருக்கும் முழு எண் 2 மட்டுமே என்பதால் வேறு இணை கிடையாது. மூன்று கேள்விகளுக்கும் ஒரே படம் போதுமானதாக இருப்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு கணக்கை முடித்ததும், இதிலிருந்து இன்னும் என்ன கேட்கலாம் என்று உங்களையே கேட்டுப் பழகுவது நூறு புதுக் கணக்குகளைப் போடுவதைவிடப் பயன் தரும்.

பள்ளியில் கைகொடுத்த குறுக்குவழிகளை எச்சரிக்கையோடு கையாளுங்கள். குறிப்பாக, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் லோபிதாலின் விதி. கோணம் சுழியை நெருங்கும்போது சைனைக் கோணத்தால் வகுத்த விகிதத்தின் எல்லை 1 என்பதை அந்த விதியால் நிறுவினால், சைனின் வகைக்கெழுவை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்கே இந்த எல்லை தேவைப்படுவதால் வாதம் சுற்றி வந்து தன் வாலையே பிடித்துவிடும்.

தினமும் அரை மணி நேரம் உங்கள் கணித ஆசிரியர் முன்னிலையில், கரும்பலகையில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுங்கள். அவரை இடைமறித்து 'ஏன்?' என்று கேட்கச் சொல்லுங்கள். தடுமாறும்போது மௌனமாகிவிடாமல், சிறிய எண்களை இட்டுப் பார்ப்பதையாவது சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நேர்முகத்தில் பேராசிரியர்கள் ஒரு குறிப்புக் கொடுத்தால் அதைத் தோல்வியாக எண்ணாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் குறையொன்றும் இல்லை. காசு கொடுத்து மாதிரி நேர்முக வகுப்புக்குப் போவது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இலக்கணம் அங்கே பொருட்டல்ல. கலைச்சொற்கள் மட்டும் சட்டென்று நாவில் வர வேண்டும். ஆகவே உங்கள் பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரையறையையும் இரு மொழிகளிலும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள். கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறொரு கணக்கைப் போடுவதைவிட அது நல்லது.