ராணுவத்தில் கடைசி ஒரு வருடம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் மகனுக்கு 36 வயதில் செக்யூரிட்டி வேலைதான் கிடைக்குமா என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லவே இல்லை. ஆனால் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதுதான் முதலில் கையில் அகப்படும். அதனால் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பணியின் கடைசி ஒரு வருடத்தில் இருப்பவர்கள் மத்திய அரசு வேலைகளுக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டிலேயே விண்ணப்பிக்கலாம். பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே அந்த வருடத்தை வீணாக்கிவிடுகிறார்கள்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் இவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதும் தடையில்லை. 36 வயதில் 17 வருடப் பணியைக் கழித்தால் 19. அந்த மீதி, பதவியின் வயது வரம்பை 3 வருடத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். டிகிரி இல்லையே என்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு ராணுவச் சிறப்புக் கல்விச் சான்றிதழும் 15 வருடப் பணியும் இருந்தால், பட்டம் கேட்கும் வங்கி கிளார்க் தேர்வையும் எழுதலாம்.

தனியார் கம்பெனி என்றால் பயோடேட்டாதான் முக்கியம். உங்கள் மகன் ஸ்டோர் பார்த்தவர். ‘நாயக், ஸ்டோர் கீப்பர்’ என்று ஒரே வரி எழுதினால் ஒரகடத்தில் இருக்கும் எச்.ஆருக்கு என்ன புரியும்? எத்தனை வகைப் பொருள், லெட்ஜரா கம்ப்யூட்டரா, தணிக்கையில் கணக்கு சரியாக நின்றதா, கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எழுதட்டும். கிடங்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது இதைத்தான். முகாம் இருந்த இடம் போன்ற விவரங்கள் வேண்டாம். ஓய்வுக்கு முன் டி.ஜி.ஆர். (படைவீரர்களின் மறுவாழ்வைக் கவனிக்கும் மத்திய அரசு இயக்ககம்) மூலம் நடக்கும் பயிற்சிகளில் ஒன்றில் சேர யூனிட்டில் இப்போதே கேட்கட்டும்.

ஊர் திரும்பியதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவிலும் விசாரிக்கலாம், அங்கே பெரும்பாலும் பாதுகாப்புப் பணிதான்.

அப்புறம் ஒன்று, இதில் கவனம் தேவை. மத்திய அரசின் சிவில் வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டால் ஒதுக்கீட்டுச் சலுகை பொதுவாக அதோடு முடிந்துவிடும். ஆனால் சேர்ந்த உடனே, அதற்கு முன் விண்ணப்பித்த மற்ற வேலைகளைத் தேதியோடு எழுதிக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டும் சலுகை தொடரும். எனவே ஒவ்வொரு விண்ணப்பத்தின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். தனியார் வேலையில் சேர்வதால் இந்தச் சலுகை போகாது.