எல்லாப் பாம்புக்கடிக்கும் ஒரே மருந்து போதுமா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தந்தைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் போதாது என்பதே உண்மை.

இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில், சருகோடு சருகாகக் கிடக்கும், மூக்கு சற்றே மேல்நோக்கிய சிறிய குழிவிரியனும் உண்டு. அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதற்கு இந்த மருந்து பலன் தருவதில்லை. விடியுமுன் தலைவிளக்கோடு மரம் மரமாக நடப்பவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

ஆராய்ச்சி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினரும் ஆய்வகத்திலேயே ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன் இனங்களிலும் ஆப்பிரிக்காவின் கரும் மாம்பாவிலும் உள்ள ஒருவகை நரம்பு நஞ்சை அது எலிகளில் முறித்தது. 2025இல் அமெரிக்கப் புரத வடிவமைப்பு அறிஞர் டேவிட் பேக்கரின் குழு, அத்தகைய நஞ்சைப் பிடிக்கும் புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்தது. குதிரையே தேவைப்படாத மருந்து என்பது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. எனினும் இவை கண்ணாடிவிரியன், குழிவிரியன் போன்றவற்றின் விஷத்துக்கு விடையல்ல. மருத்துவமனைக்கும் இன்னும் வரவில்லை.

அதுவரை அப்பாவுக்கு முழங்கால் வரை பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.